கோலூன்றி

சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம் என்றான் எட்வின்,
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி.
கோலின் விலை நாற்பத்தோராயிரம்.
ஹாம்பர்க்கிலிருந்து மர்ஃபி டவுன் வந்துசேர
அறுபத்து மூவாயிரம்.
சுங்கம் தனி.

எடை ரெண்டே கிலோதானே என்று
விற்பவருக்கு எழுதிக் கேட்டேன்.
நீளத்தை அகலத்தால் பெருக்கு, உயரத்தால் பெருக்கு,
ஐயாயிரத்தால் வகு;
பொருளுக்கல்ல, விமானத்தில் அது
அடைத்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் காசு
என்று பணிவாகப் பதில் வந்தது.
ஆக,
ரெண்டு கிலோ கோல்,
பதினெட்டு கிலோ காற்று.

வாங்கினேன்.

எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.
ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை.
பங்காருப்பேட்டையில் ஏறிய பையன் ஒருவன்
சைக்கிளோடு கதவை அடைத்து நின்றான்.
நாளைக்கு ரேஸ் மேடம் என்றான்.
ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்து
ஒயிட்ஃபீல்டில் இறக்கிவிட்டேன்.
அவன் முகம் மறந்துவிட்டது.
சக்கரம் நினைவிருக்கிறது,
நடைமேடையில் இறங்கிய பிறகும்
சுற்றிக்கொண்டே இருந்தது.

தேவனஹள்ளிக் கிடங்கில் ஆறு நாள்.
ஃபைபர் குழாய் என்று எழுதியிருந்தார்கள்.
குழாய்க்கு வேறு வரி,
குழாய்க்கு வேறு கேள்விகள்:
தண்ணீருக்கா? கழிவுக்கா?
தாண்டுவதற்கு, சார்.
எதைத் தாண்டுவதற்கு?
ரெண்டு மேசைக்கு நடுவே
வெறுங்கையில் கோல் பிடித்து
ஆறு எட்டு ஓடிக் காட்டினேன்.
ஆறாவது எட்டில் பீரோ.
அதிகாரி சிரிக்கவில்லை.
பேனாவை எடுத்து, குழாயை அடித்து,
விளையாட்டுப் பொருள் என்று
தன் கையால் எழுதினார்.
பிறகு மெதுவாகக் கேட்டார்:
விழுந்தால் வலிக்காதா?

புட்டசாமியின் குட்டி யானையில்
பாதிக் கோல் உள்ளே, பாதிக் கோல் பெங்களூரில்.
பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதற்கும்
சிவப்புத் துணி வேண்டுமாம்.
பையில் என் பழைய பந்தயப் பனியன் இருந்தது,
சிவப்பு, எண் இருநூற்றுப் பதினாறு.
ஹெப்பாள் மேம்பாலத்தில் அது
எனக்கு முன்பே பறந்தது.

மூன்றாம் மாடி.
படி திரும்பும் இடத்தில் கோல் திரும்பவில்லை.
தெருவில் நிமிர்த்தி நிறுத்தினோம்.
முதல் மாடியில் ஷாஹிதா பிடித்தாள்,
இரண்டாம் மாடியில் சகாயராணி அக்கா.
என்னடி இது, மாதா கோயில் கொடிமரமா?
விட்டுடாதீங்க அக்கா.
விடல, விடல, நீ மேல ஓடு!
கை மாற்றிக் கை மாற்றி
ஒரு கம்பத்தை இப்படி மேலே ஏற்ற
எந்த நிறுவனமும் கூலி சொல்லவில்லை.

உறையைப் பிரித்தேன்.
அடியில் ஒட்டிய சீட்டில் ஐம்பத்தொன்பது.
கோலின் எடையல்ல அது,
கோல் தாங்கும் ஆளின் எடை.
எட்வின் என்னைப் பார்த்தான்.
நான் அரிசி டப்பாவைப் பார்த்தேன்.
அறுபத்தொன்று.
இந்த ரெண்டு கிலோவை
எந்த விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புவது?

கோலூன்றி நடக்கிற வயசு வந்துடுச்சா
என்று ஆபீசில் கிண்டல்.
முப்பத்து நாலு. வரட்டும்.
ஊன்றுவது ஒன்றுதான்,
அதற்கப்புறம் கால் எங்கே இருக்கிறது
என்பதில்தான் வித்தியாசம்.

தாழ்வாரத்தில் கிடத்தியிருந்த ரெண்டு வாரமும்
ஷாஹிதா அதில் துண்டு காயப்போட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை நான்.
பிடித்தவள் அவள்.

சனிக்கிழமை ஹுப்பள்ளியில் பந்தயம்.
வெள்ளி இரவு நடைமேடையில்
கோலும் நானும்.
ஜன்னல் கம்பிகளில் வெளிப்புறமாய்க் கட்டலாம்;
எல்லோருக்கும் தெரிந்த வழி,
எந்த விதியிலும் இல்லாத வழி.
பணியில் இருந்தவர் வித்யாதர்,
என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவர்.
கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

எழுதுங்கள் என்றேன்.

நீளம்?
நாலு மீட்டர்.
அகலம்?
கைக்கு அடங்கும்.
உயரம்?

அது நாளைக்குத்தான் தெரியும், சார்.